சால் போடாத சதுரம்

நான் வரைந்த படத்தின் கீழே ஒருவர் பொய் எழுதி வைத்திருக்கிறார். தெரியாமல் எழுதிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். நேரில் சொன்னேன், மாற்றவில்லை. கடிதம் போட்டேன், மாற்றவில்லை. தெரிந்த பிறகும் மாற்றாமல் வைத்திருந்தால் அது பொய்தான்.

அவர் பெயரை நான் எழுதவில்லை. வக்கீல் நோட்டீஸ் வரும் என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் பயப்படுகிறார். எனக்குப் பயம் இல்லை. ஆனால் பத்திரிகை அவருடையது. கண்காட்சிக்குப் படங்களைத் தேர்ந்தெடுத்து, எது எந்தச் சுவரில் என்று முடிவுசெய்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதுவது பொய் எழுதிய அந்த மனிதரின் வேலை. சென்னையிலிருந்து வந்தவர். குறிப்புக்காரர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இந்த வாரம் நான் சாக்கில் படம் போட ஆரம்பித்த கதையை எழுதுவதாக இருந்தேன். அதுவும் நடுவில் வரும். முதலில் இது.

கூடத்தில் மூன்று பேர்

பாளையங்கோட்டையில் அந்தக் கண்காட்சிக் கூடம் இருக்கிறது. மழைக்காலம் முடிந்து வெயில் மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. சுவருக்குப் புதிதாக அடித்த பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை. ஏசி போட்டிருந்தார்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி முப்பிடாதி அக்காவும் இசக்கியம்மாளும் வந்தார்கள். இரண்டு பேரும் அரிசி மில் களத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள். முப்பிடாதி அக்கா எங்களைவிடப் பத்து வயது மூத்தவள். இசக்கிக்கும் எனக்கும் ஒரே வயது.

இசக்கி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள்.

“போட்டுக்கிட்டே வாட்டி. இது கோயில் இல்ல” என்றேன்.

“இருக்கட்டும்ட்டி. எல்லாரும் எப்படி மினுக்கிக்கிட்டு நிக்காங்க பாரு” என்றாள். நாலு எட்டு வைத்ததும், “ஏட்டி, தரை ஐஸ் மாதிரில்லா இருக்கு” என்று குதிகாலால் நடந்தாள்.

என் படத்துக்கு ஒரு சுவரை முழுதாகக் கொடுத்திருந்தார்கள். எட்டு அரிசிச் சாக்குகளைப் பிரித்துச் சேர்த்துத் தைத்த துணி. அதன் மேல் வட்டம், முக்கோணம், சதுரம், கோடு. அவ்வளவுதான். ஓரம் முழுவதும் இயந்திரங்கள். பாய்லர், நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டர், ஒன்றையொன்று இழுக்கும் புல்லிச் சக்கரங்கள். நடுவில் மஞ்சள் களம். களத்தில் ஐந்து பெண்கள். ஒவ்வொருத்தியும் ஒரு வட்டம், இரண்டு முக்கோணம். வட்டம் தலை. முக்கோணங்கள் பாதம். ஒவ்வொருத்தியின் பின்னாலும் நீளக் கோடுகள், அவள் காலால் நெல்லில் இழுத்த சால். களத்தின் நடுவில் ஒரு சதுரம். அதற்குள் ஒரு கோடும் இல்லை.

“உங்க படம் சாதாரண ஜனங்களுக்குப் புரியாது” என்று படித்தவர்கள் பல பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முப்பிடாதி அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தாள். ஒரு வட்டத்தைக் காட்டினாள்.

“இது நான்.”

“எப்படிக்கா சொல்லுத?”

“சாலப் பாரு. நேரா கிடக்குல்லா? உங்கள்ல வேற யாருக்கு நேரா வந்திருக்கு?”

இசக்கிக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப இந்தக் கோணச் சாலு யாரு?”

“நீதான்.”

“ஏன், அது பேச்சியா இருக்கக் கூடாதா?”

“பேச்சி குட்டைக்காலி. அவ சாலு நெருக்கமா விழும். இந்தா, இது பேச்சி. உன் சாலு எப்பவும் பாய்லர் பக்கமா சாயும். அங்கன நிக்கவரப் பாத்துக்கிட்டே நடந்தா பின்ன எப்படி இருக்கும்?”

“சும்மா இரிக்கா” என்று இசக்கி வெட்கப்பட்டாள். பாய்லருக்கு உமி தள்ளிக்கொண்டிருந்தவரைத்தான் அவள் பிறகு கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் அவள் நடுச் சதுரத்தைப் பார்த்தாள். அருகே போனாள். என் பக்கம் திரும்பினாள்.

“ஏட்டி, இது அதுல்லா?”

“அதேதான்.”

அவள் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். படத்தின் கீழே ஒட்டியிருந்த அட்டையைக் காட்டி, “அத இதுல எழுதிருக்கா? வாசிட்டி” என்றாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நானும் அட்டையை அப்போதுதான் பார்க்கிறேன். சத்தமாக வாசித்தேன்.

‘முகமற்ற உழைப்பாளிகள். இயந்திர வட்டங்களுக்கு நடுவே சிறைக்கம்பிகளாய் நீளும் கோடுகள். மையத்தில் உள்ள வெற்றுச் சதுரம், இயந்திரத்திடம் தம்மை இழந்த பெண்களின் உள்வெறுமை.’

“கடைசியில சொன்னியே, அப்படின்னா என்னது?” என்றாள் இசக்கி.

“நமக்குள்ள ஒண்ணுமே இல்லன்னு எழுதியிருக்கு.”

இசக்கி அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணும் இல்லையாமா? என் கால் தோலு அங்கனதான கிடக்கு.”

அவள் என்ன சொன்னாள் என்று புரிய வேண்டுமானால் நீங்கள் அந்தக் களத்துக்கு வர வேண்டும்.

கால்தான் கருவி

எங்கள் பக்கம் புழுங்கல் அரிசி. நெல்லைத் தொட்டியில் ஊறப்போட்டு, பாய்லர் நீராவியில் அவித்து, சிமெண்டுக் களத்தில் காயவைத்த பிறகுதான் அரைப்பார்கள். அம்பாசமுத்திரத்துக்கும் ஆழ்வார்குறிச்சிக்கும் நடுவில் கால்வாயை ஒட்டி இருந்தது எங்கள் மில். ஆற்றுத் தண்ணீர் கால்வாயில் வந்து மில் தொட்டியில் ஏறும்.

அவித்த நெல் ஆவி பறக்கக் களத்தில் வந்து விழும். பலகையால் தள்ளிப் பரப்புவோம். அதற்கப்புறம் சாயங்காலம் வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கிண்டுவது காலால். பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல், நெல்லுக்குள் புதைத்து, இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். பின்னால் உழவு மாதிரி ஒரு கோடு விழும். அதைத்தான் சால் என்போம். ஒரு தடவை நீளவாக்கில். அடுத்த தடவை குறுக்குவாக்கில். அப்புறம் மூலைக்கு மூலை. அப்போதுதான் அடியில் கிடக்கும் ஈர நெல் மேலே வந்து வெயில் பார்க்கும்.

சால் கோணினால் இரண்டு சாலுக்கு நடுவில் கிண்டாத நெல் தங்கும். அது காயாது. காய்ந்ததும் காயாததும் கலந்து மெஷினுக்குப் போனால் அரிசி உடைந்து நொய்யாகும். நேராகச் சால் போடுவது என்பது அழகுக்குச் செய்வது இல்லை. அது வேலை சுத்தம்.

முப்பிடாதி அக்கா களத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். கட்டட வேலைக்கு வந்த கொத்தனார் ஒருவர் பார்த்துவிட்டு, “என் நூல்கண்டத் தூரப் போட வேண்டியதுதான்” என்றார். அக்கா, “போடாதயும், மாட்டக் கட்டவாவது ஆகும்” என்றாள்.

இந்தக் கோட்டைத்தான் குறிப்புக்காரர் சிறைக்கம்பி என்கிறார். ஐயா, சிறைக்கம்பியை எவனோ செய்து நட்டு வைப்பான். இந்தக் கோடு நாங்கள் போட்டது. பாதத்தால் போட்டது. கூலிக்காரிக்குத் தன் வேலையில் கர்வம் இருக்கும் என்பதே உங்களுக்குத் தோன்றவில்லை.

முகம் இல்லையாம். நான் அந்தக் களத்தைத் தொட்டி மேலிருந்து பார்த்து வரைந்தேன். வெயிலுக்குத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு குனிந்து நடப்பவளை மேலிருந்து பார்த்தால் முகம் எப்படித் தெரியும்? குறிப்புக்காரரை மாடியிலிருந்து பார்த்தால் வழுக்கைதான் தெரியும். அதற்காக அவருக்கு முகம் இல்லை என்று நான் எழுதலாமா?

களம் போய்விட்டதே என்று நான் அழுகிற ஆளும் இல்லை. இப்போது அந்த மில்லில் நெல்லைக் காயவைக்கும் டிரையர் வந்துவிட்டது. களத்தில் லாரி நிறுத்துகிறார்கள். நல்லது. கால் வெந்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். டிரையரையும் வரைந்திருக்கிறேன். உயரமான செவ்வகம், பக்கத்தில் நாற்காலி, நாற்காலியில் ஒரு பெண். வேலை நேரத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணை நான் வரைந்தது அதுதான் முதல் தடவை.

சாக்கும் தகரமும்

ஒரு வருஷம் என்னைக் களத்திலிருந்து கொட்டகைக்குள் மாற்றினார்கள். அரிசிச் சாக்கில் அச்சு அடிக்கிற பெண் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். எனக்கு ஆறாவது வரை படிப்பு இருந்ததால் என்னைப் போட்டார்கள்.

வேலை சுலபம். தகரத்தில் வெட்டிய அச்சைச் சாக்கின் மேல் வைத்து, மையில் தோய்த்த துணியால் ஒற்ற வேண்டும். முதல் ரகத்துக்கு நீல வட்டம். இரண்டாம் ரகத்துக்குச் சிவப்பு முக்கோணம். சாக்கு வாசம், மை வாசம், மேலே எந்நேரமும் ஓடும் பெல்ட்டின் பட் பட் சத்தம். தவிட்டுத் தூசி இமையில் படியும்.

அச்சுகள் தேய்ந்து ஓரம் மழுங்கியிருந்தன. புதிதாக வெட்டச் சொல்லித் தகரக் கத்தரியைக் கொடுத்தார்கள். வட்டம் வெட்டினேன். மீதித் தகரம் கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் அதில் ஒரு புல்லி வெட்டினேன். பெரிய வட்டம், உள்ளே சின்ன வட்டம், நடுவில் ஆரக்கால். கிழிந்த சாக்கில் ஒற்றிப் பார்த்தேன். புல்லி மாதிரியே இருந்தது. பக்கத்தில் இன்னொன்று ஒற்றி, இரண்டுக்கும் நடுவில் பெல்ட்டுக்கு இரண்டு கோடு போட்டேன். சுற்றுகிற மாதிரி இருந்தது. அன்றைக்குச் சாப்பிட மறந்துவிட்டேன்.

இப்படித்தான் ஆரம்பித்தது. என் கையில் இருந்தது வட்டமும் முக்கோணமும். வேறு உருவம் வெட்டத் தெரியாது. இன்றைக்கும் என்னால் ஒரு மாம்பழம் வரைய முடியாது.

ரொம்ப காலம் கழித்துத் திருநெல்வேலியில் ஒருவர் எனக்கு ஒரு தடித்த புத்தகத்தைக் காட்டினார். வெளிநாட்டு ஓவியங்கள். அதில் தொழிலாளியின் கையைக் குழாய் மாதிரியும், தலையை உருண்டை மாதிரியும், பின்னால் பல்சக்கரங்களையும் போட்டிருந்தார்கள்.

“பாத்தீங்களா, நீங்க செய்றத அவங்க நூறு வருஷத்துக்கு முன்னாலயே செஞ்சிட்டாங்க” என்றார்.

“அவங்க எந்த மில்லுல வேலை பாத்தாங்க?” என்று கேட்டேன்.

படங்கள் எனக்குப் பிடித்திருந்தன, அதை மறைக்கவில்லை. கலர் அப்படியே அறைகிற மாதிரி இருந்தது. மனிதனையும் மெஷினையும் ஒரே மரியாதையோடு போட்டிருந்தார்கள். ஆனால் ஒரு படத்தில்கூட அந்த ஆள் என்ன வேலை செய்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும் என்றும் தெரியவில்லை. என் படத்தில் தெரியும்.

இதற்கு என்னிடம் சாட்சி உண்டு. அதே கண்காட்சிக்குப் பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் நண்பரோடு வந்தார். என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. படத்தின் முன்னால் நின்று, மோட்டாரில் தொடங்கி ஒவ்வொரு புல்லியாக விரலைச் சுற்றிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“இங்கன பெல்ட்டக் குறுக்கா போட்டிருக்கு, பாத்தீரா வே? அப்ப இந்தப் புல்லி எதிர்ப்பக்கம் சுத்தும். அது சுத்துனா எலிவேட்டரு மேல ஏறும்.” விரல் எலிவேட்டரின் உச்சி வரை போனது. “சரியாத்தான் வே ஓடுது” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு இரண்டு மூன்று இடத்தில் பொன்னாடை போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட எனக்கு இது பெரியது.

தார்

இப்போது அந்தச் சதுரம்.

சிமெண்டுக் களத்தைக் கட்டம் கட்டமாகத்தான் போட்டிருப்பார்கள். நடுவில் ஒரு கட்டம் உடைந்து பெயர்ந்துவிட்டது. புதிதாகச் சிமெண்டு போட வேண்டுமானால் இரண்டு மூன்று நாள் களத்தை நிறுத்த வேண்டும். முதலாளிக்கு மனசு வரவில்லை. ரோடு போடுகிறவர்களிடம் மிச்சமிருந்த தாரையும் ஜல்லியையும் கொண்டுவந்து அந்தக் கட்டத்தில் கொட்டி நிரவிவிட்டார்.

காலையில் அது தரை. பதினொரு மணிக்கு மேல் அது அடுப்பு. தார் இளகிவிடும். கறுப்பு வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே நெல் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. நெல்லுக்குள் காலை இழுத்துக்கொண்டு வருகிறவளுக்கு அந்த இடம் வந்த பிறகுதான் தெரியும்.

நான் அந்த வருஷம் கொட்டகையில் இருந்தேன். என் கால் தப்பித்தது. இசக்கியின் கால் தப்பிக்கவில்லை.

அவள் கத்தியது பெல்ட் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. ஓடிப் போனேன். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பாதத்தில் தார் ஒட்டியிருந்தது. அதைப் பிரித்தபோது தோலும் கூடவே வந்தது. பேச்சியும் நானும் தூக்கிக்கொண்டு போய்க் கால்வாயில் காலை விட்டு உட்காரவைத்தோம். அவள் அழவில்லை. கெட்ட வார்த்தையாகச் சொல்லித் தீர்த்தாள்.

முப்பிடாதி அக்கா முதலாளியிடம் போனாள். தரையை மாற்றித் தாருங்கள், அதுவரை செருப்புப் போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டாள். முதலாளி நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர்.

“நெல்லு லட்சுமில்லா? அது மேல செருப்புக் காலோட நடக்கச் சொல்லுதியா?”

“லட்சுமியத் தார்ல படுக்கப் போட்டிருக்கிய, அது குத்தமில்ல. எங்க செருப்புதான் குத்தமா?” என்றாள் அக்கா.

“போளா, போயி வேலையப் பாரு” என்றார் முதலாளி.

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது அக்கா தூக்குச்சட்டியை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள். “இன்னையிலருந்து அங்கன யாரும் கால் வைக்காண்டாம். சாலு அந்தக் கட்டம் வரைக்கும் வரட்டும். ஓரம் வந்ததும் திரும்பிருங்க.”

“நெல்லு கெட்டுருமேக்கா” என்றாள் பேச்சி.

“நெல்லு கெடட்டும்னு நான் சொல்லல. கால் கெட வேண்டாம்னு சொல்லுதேன்.”

இசக்கியின் இடத்துக்குக் கோமதி வந்திருந்தாள். மாரியம்மாளும் உண்டு. நாலு பேரும் சரி என்றார்கள். இசக்கி வீட்டில் காலில் எண்ணெய் போட்டுக்கொண்டு கிடந்தாள். ஆனால் யோசனைக்குக் காரணம் அவள் கால். அதனால் படத்தில் அவளைச் சேர்த்து ஐந்தாக வைத்தேன். அவள் போடாத சாலை அவளுக்காக நான் போட்டேன், கோணலாகவே.

தொட்டி மேலிருந்து

ஊறல் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்க என்னை ஏற்றிவிடுவார்கள். இரும்பு ஏணி. உச்சி வெயிலில் கம்பி கையைச் சுடும். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் ஏற வேண்டும். அன்றைக்கு மேலே ஏறித் திரும்பிப் பார்த்தேன்.

களம் முழுவதும் சால். நீளவாக்கில் போட்டு, குறுக்குவாக்கில் போட்டு, பத்தமடைப் பாய் மாதிரி கிடந்தது. நடுவில் மட்டும் ஒரு சதுரம். அதற்குள் ஒரு கோடு இல்லை. நாலு பக்கமும் சால் வந்து வந்து, கட்டத்தின் ஓரத்தில் திரும்பிப் போயிருந்தது. அளவுகோல் வைத்தால்கூட அவ்வளவு சுத்தமாக வராது. கண்ணால் அளந்து, காலால் வெட்டியிருந்தார்கள்.

நான் தண்ணீர் மட்டம் பார்க்க மறந்தேன். தொட்டி வழிந்து கீழே மேஸ்திரி தலையில் ஊற்றியது. அவர் மேலே பார்த்துத் திட்டிவிட்டு, அப்படியே களத்தையும் பார்த்துவிட்டார்.

“ஏ, அங்கன ஏன் கிண்டல?”

“சுடுது மேஸ்திரி” என்றாள் முப்பிடாதி அக்கா.

“சுட்டா? வேலைன்னா சுடத்தான் செய்யும்.”

“அப்ப நீரு செருப்பக் கழத்திட்டு முதல்ல வாரும். நாங்க பின்னால வாரோம்.”

மேஸ்திரிக்கு ரோஷம். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நெல்லுக்குள் இறங்கினார். சதுரத்துக்குள் இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டைக் காற்றில் வைத்தார். அவர் குதித்து வெளியே வந்த வேகத்தில் வேட்டி கொஞ்சம் தளர்ந்திருந்தால் அங்கேயே தங்கியிருக்கும். நாலு பேரும் சிரித்தார்கள். பாய்லர்காரர் சிரித்தார். தொட்டி மேலிருந்து நானும் சிரித்தேன். அதற்கு மேல் அந்த இடத்தில் கிண்டு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பலகையால் நெல்லை அங்கேயும் தள்ளிப் பரப்ப மட்டும் சொல்வார். பரப்பினார்கள். கிண்டவில்லை.

சில நாள் கழித்து அரிசி போன லாரி சரக்கோடு திரும்பி வந்தது. மூட்டையைப் பிரித்ததும் முடைநாற்றம். நன்றாகக் காய்ந்த அரிசிக்கு நடுவில் கறுத்ததும் மஞ்சளித்ததுமாக அரிசி. மூக்கைப் பிடித்துக்கொண்டு முதலாளியே களத்துக்கு வந்தார். அவர் களத்துக்கு வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“ஏளா முப்பிடாதி, அரிசி நாறுது.”

“நாறும் முதலாளி. அந்தக் கட்டத்துல கிடக்கது காயல.”

“கிண்டுனா காயும்லா?”

“தரை தரையா இருந்தா கிண்டுவோம்.”

முதலாளி அந்தச் சதுரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். இவர்களை நிறுத்திவிட்டு வேறு ஆள் போடலாம் என்று யோசித்திருப்பார். ஆனால் புதிதாக வருகிறவளுக்கும் பாதம் தோலால்தான் ஆகியிருக்கும். அதை அவரும் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். கொட்டகைப் பக்கம் திரும்பிப் போனார். இரண்டாம் நாள் சிமெண்டும் ஜல்லியும் வந்து இறங்கின.

யாரும் கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. நாலு பெண்கள் ஒரு சதுரத்தைக் கிண்டாமல் விட்டார்கள். மில்லின் தரை மாறியது. என் ஆயுளில் நான் பார்த்த பெரிய வெற்றி அது. அதை வரையும் கை வருவதற்கு எனக்கு இத்தனை வருஷம் ஆனது.

“நாங்களும் பாக்கத்தான செய்யுதோம்”

கண்காட்சி அன்று குறிப்புக்காரர் கூடத்தில்தான் இருந்தார். இசக்கி நேராக அவரிடம் போனாள்.

“ஐயா, இங்கன வாங்க.” அவரைப் படத்தின் முன்னால் கூட்டிவந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். குதிகாலுக்கு முன்னால் உள்ளங்கால் தோல் வழவழப்பாக, ரேகை இல்லாமல் இருக்கும். “இது அங்கன போனது” என்று சதுரத்தைக் காட்டினாள்.

அவருக்குப் புரியவில்லை. நான் முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அதை நான் மறுக்க மாட்டேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ரொம்ப சுவாரசியமா இருக்கு. ஆனா விளக்கம்னு படிவத்துல ஒரு இடம் இருந்துச்சே, நீங்க ஒண்ணும் எழுதலையே?”

அது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். களத்தைப் பார்த்தால் களம் என்று தெரியாதா, இதற்கு எதற்கு விளக்கம் என்று விட்டுவிட்டேன்.

“இப்பச் சொல்லிட்டேன்லா? மாத்துங்க” என்றேன்.

“அப்படி இல்லம்மா. ஒரு படைப்பு வெளிய வந்துட்டா அதுக்கு அர்த்தம் கொடுக்கிறது பார்க்கிறவங்கதான். வரைஞ்சவங்க இல்ல.”

முப்பிடாதி அக்கா முன்னால் வந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

“சரி. வரைஞ்சவ அவ. நாங்க வரையலல்லா? நாங்களும் பாக்கத்தான செய்யுதோம். நாங்க பாத்ததச் சொன்னா மட்டும் அது ஏன் அர்த்தம் ஆகாம போவுது?”

அவர் போனை எடுத்துப் பார்த்தார். யாரோ கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அது அடிக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

தகடு

அந்தப் படத்தைக் கூடமே வாங்கிவிட்டது. இனி அது அந்தச் சுவரில்தான் இருக்கும். அட்டைக் குறிப்பை எடுத்துவிட்டு, அதே வரிகளை எஃகுத் தகட்டில் பொறித்துத் திருகி வைக்கப்போகிறார்கள். வேலைக்குக் கொடுத்தாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். நாங்கள் எல்லோரும் போன பிறகும் தகடு இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, அதைப் படித்துக்காட்டி, இந்தப் பெண்களுக்குள் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொடுப்பார்கள். இசக்கியின் பேத்தியும் அந்த வரிசையில் நிற்பாள்.

அந்த ஐந்து பேரின் பெயரைப் போடச் சொல்லி நான் இரண்டு கடிதம் எழுதினேன். ‘கலைஞரின் விளக்கம் படைப்பின் சாத்தியங்களைச் சுருக்கிவிடும்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஐந்து பெயர் எழுதினால் படம் சுருங்கிவிடுமாம். வெறுமை என்று எழுதினால் விரிந்துவிடுமாம்.

என் விளக்கம்கூட வேண்டாம். தகட்டில் நான் கேட்பது இவ்வளவுதான்: முப்பிடாதி, இசக்கியம்மாள், பேச்சியம்மாள், மாரியம்மாள், கோமதி. இவர்கள் ஒரு தரையை மாற்றினார்கள்.

குறிப்புக்காரரே, கடிதத்தில் எனக்குச் சொல்லும் பதில் இனி வேண்டாம். இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். பக்கம் தருவதாக ஆசிரியர் சொல்லிவிட்டார். கதை முழுவதும் தெரிந்த பிறகும் அந்தச் சதுரத்தை எதற்காக வெறுமை என்கிறீர்கள் என்று எழுதுங்கள். முப்பிடாதி அக்கா கேட்டதற்கு அவளுக்கே பதில் சொல்லுங்கள். அவளும் இசக்கியும் பார்வையாளர்கள் இல்லையென்றால், ஏன் இல்லை என்று நாலு பேர் படிக்கச் சொல்லுங்கள். தகட்டைத் திருகுவதற்கு முன்னால் சொல்லுங்கள்.